ஒரே கிருமி, இருவேறு நோய்கள்

நோய்க்கிருமி உடலுக்குள் நுழைகிறது. வெள்ளணுக்கள் எதிர்த்து நிற்கின்றன. கிருமி வென்றால் நோய், உடல் வென்றால் நலம். பள்ளி நாட்களிலிருந்து நாம் படித்து வந்த பாடம் இது. கோட்டையும் முற்றுகையும் என்னும் இந்த உவமை வாந்திபேதிக்கு ஓரளவு பொருந்தக்கூடும். தொழுநோயிலோ இது தலைகீழாகிவிடுகிறது. அங்கே கோட்டையைப் பெரும்பாலும் இடிப்பவர்கள் காவலர்களே.

இந்நோயின் கிருமியை நார்வே நாட்டின் பெர்கன் நகரில் 1873-ஆம் ஆண்டில் கண்டவர் ஹான்சன் என்னும் மருத்துவர். பரம்பரை நோய், பாவத்தின் பலன் என்றெல்லாம் உலகம் நம்பியிருந்த காலம் அது. நோய்க்கு ஒரு நுண்ணுயிர் காரணமாகலாம் என்று முதன்முதலில் சொன்னவர்களுள் அவரும் ஒருவர். ஆனால் தம் கொள்கையை நிறுவும் ஆவலில், நோயாளிப் பெண் ஒருவரின் கண்ணில், அவர் இசைவைப் பெறாமலே, நோய்த் திசுவைக் குத்திச் செலுத்தினார். அதற்காக 1880-இல் நீதிமன்றம் அவரை மருத்துவமனைப் பதவியிலிருந்து விலக்கியது. பாடநூல்கள் இதைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கிருமியின் இயல்பு விந்தையானது. நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியா 20 நிமிடங்களில் இரண்டாகப் பிளவுறும். தொழுநோய்க் கிருமிக்கோ ஏறக்குறைய 14 நாட்கள் தேவை. சோதனைக்குழாயில் செயற்கை உணவிட்டு அதை வளர்க்க இன்றுவரை எவராலும் இயலவில்லை. 1960-இல் ஷெப்பர்ட் என்பவர் சுண்டெலியின் பாதத்தில் அதை வளர்த்துக் காட்டினார். 1971-இல் அமெரிக்காவில் ஆர்மடில்லோ என்னும் ஓடு போர்த்த விலங்கின் உடலில் அது செழித்து வளர்வதைக் கண்டனர். ஏன் பாதமும் ஆர்மடில்லோவும்? இரண்டும் குளிர்ச்சியானவை. இக்கிருமிக்கு நம் உடலின் 37 பாகைச் சூடு ஒவ்வாது. 30 பாகையை ஒட்டிய வெப்பமே உகந்தது. அதனால்தான் அது மூக்கு, காதுமடல், தோல், தோலையொட்டி ஓடும் நரம்புகள் என உடலின் குளிர்ந்த இடங்களாகப் பார்த்துக் குடியேறுகிறது. 2001-இல் அதன் மரபணுத் தொகுதியை முழுவதும் படித்தபோது இன்னொரு செய்தியும் தெரியவந்தது: அதன் மரபணுக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை செயலிழந்து சிதைந்து கிடக்கின்றன. பிறர் வீட்டில் உண்டு பழகியவன் தன் அடுப்பை அணைத்துவிட்டதைப் போல, அது பிற உயிரின் செல்லுக்குள்ளே வாழ்ந்தே தீர வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது.

அப்படி அது வாழத் தேர்ந்தெடுக்கும் வீடு எது தெரியுமா? கிருமிகளை விழுங்கிச் செரிப்பதையே தொழிலாகக் கொண்ட மாக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கணுக்கள்! விழுங்கப்பட்ட கிருமியைச் சுற்றி மெழுகு போன்ற கொழுப்புறை இருக்கிறது. செல் வீசும் நச்சுகள் அவ்வுறையை எளிதில் ஊடுருவுவதில்லை. அதே உறையிலுள்ள ஒரு கொழுப்புச் சர்க்கரைப் பொருள் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களின் மேற்பரப்போடு ஒட்டிக்கொள்ளவும் உதவுகிறது. நரம்புக்குள்ளேயே குடிபுகும் பாக்டீரியா வேறு அரிது.

இதற்குமேல் நடப்பது கிருமியைப் பொறுத்ததன்று, மனிதரைப் பொறுத்தது. மக்களில் 100-க்கு 95 பேருக்கு மேல் இக்கிருமியை இயல்பாகவே வெல்லும் ஆற்றலுடையவர்கள். அவர்களுக்கு நோயே வருவதில்லை. எஞ்சிய சிலரில்தான் இரு துருவங்களைக் காண்கிறோம்.

ஒரு துருவத்தில், டி லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் விழிப்புடன் எழுகின்றன. இன்ட்டர்ஃபெரான் காமா என்னும் பொருளைச் சுரந்து பெருவிழுங்கணுக்களைத் தூண்டிவிடுகின்றன. தூண்டப்பட்டவை கிருமிகளைக் கொல்கின்றன; சூழ்ந்து நின்று முடிச்சு முடிச்சாகச் சுவர் எழுப்புகின்றன. உடலில் ஒன்றிரண்டு உணர்ச்சியற்ற வெளிர் தேமல்களே தோன்றும். நுண்ணோக்கியில் தேடினாலும் கிருமி கிடைப்பது கடினம். மறு துருவத்தில் இக்கிருமிக்கு எதிராக மட்டும் டி செல்கள் வாளாவிருக்கின்றன. மற்ற கிருமிகளை அவை வழக்கம்போல் எதிர்க்கும் என்பது இதிலுள்ள புதிர். பெருவிழுங்கணுக்கள் கொழுப்பு நிறைந்து நுரைத்து, கிருமிகளின் சத்திரங்களாகிவிடுகின்றன. ஒரு கிராம் தோலில் கிருமிகள் நூறு கோடியைத் தாண்டலாம். முகம் தடிக்கும், புருவம் உதிரும். இவ்விரு முனைகளுக்கு நடுவே வானவில்லின் நிறங்களைப் போலப் பல படிகள் உண்டு. 1966-இல் ரிட்லி, ஜாப்லிங் என்னும் இருவர் அவற்றை வரிசைப்படுத்தினர். அந்த வரிசை கிருமியின் வகைகளைக் காட்டுவதன்று, மனிதரின் எதிர்ப்பாற்றலை அளந்து காட்டுவது.

எதிர்ப்பொருள்தான் நம்மைக் காக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்போர்க்கு இங்கே ஒரு திகைப்பு காத்திருக்கிறது. கிருமி மண்டிக் கிடக்கும் நோயாளியின் இரத்தத்தில்தான் எதிர்ப்பொருள்கள் ஏராளம்! கிருமியோ செல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. வெளியே மிதக்கும் எதிர்ப்பொருள் அதை எட்டுவதில்லை. தெருவில் எத்தனை காவலர் நின்றாலென்ன, திருடன் வீட்டுக்குள் தாழிட்டுக்கொண்டபின்?

அப்படியானால் எதிர்ப்பாற்றல் மிக்கவர் பிழைத்தார், குறைந்தவர் கெட்டார் என்று முடித்துவிடலாமா? இயலாது. வலுவாக எதிர்ப்பவரின் நரம்பில் கிருமி சிலவே இருந்தாலும், அவற்றைத் தேடி வரும் படை நரம்பையும் சேர்த்து அழிக்கிறது. நரம்பு இறுக்கமான உறைக்குள் இருப்பதால் வீங்க இடமின்றி நசுங்குகிறது. கை மடங்கிப்போவதும் பாதம் தொங்கிப்போவதும் பெரும்பாலும் நம் சொந்தப் படையின் கைவரிசையே.

இதில் மிகக் கொடியது, மருத்துவத்துக்கு இடையிலோ, முடிந்த பின்னரோ இந்தப் போர் திடீரென மூளுவதுதான். இடைப்படிகளில் உள்ளோர்க்குப் பழைய தேமல்கள் ஒரு சில நாட்களில் சிவந்து வீங்கும், நரம்பு வலிக்கும். கிருமி மிகுந்தோர்க்கோ எதிர்ப்பொருளும் கிருமித் துணுக்கும் பின்னிய கொத்துகள் இரத்தக் குழாய்களில் படிந்து, காய்ச்சலும் வலிமிக்க சிவந்த முடிச்சுகளும் கண்ணழற்சியும் உண்டாகும். கிருமி செத்த பிறகும் அதன் சடலம் ஆண்டுக்கணக்கில் திசுக்களில் கிடப்பதால் இது நேர்கிறது. நோயாளி என்ன நினைப்பார்? “மாத்திரை தின்னத் தின்ன நோய் முற்றுகிறதே!” என்று மருந்தை நிறுத்திவிடுவார். உண்மையில் அப்போது அவருக்குத் தேவை, அந்த மாத்திரையோடு சேர்த்துத் தம் படையைச் சற்றே அடக்கும் பிரெட்னிசோலோன். 1965-இல் ஜெருசலேத்தில் ஷெஸ்கின் என்னும் மருத்துவர், உறக்கம் வருவதற்காகத் தாலிடோமைடு கொடுத்தபோது இந்த முடிச்சுகள் அடங்கியதைக் கண்டறிந்து எழுதினார். கருவிலிருந்த குழந்தைகளை ஊனமாக்கியதால் 1961-இல் திரும்பப் பெறப்பட்ட அதே மருந்துதான்! இன்றும் அதைக் கடுங்கட்டுப்பாட்டுடனேயே வழங்குகின்றனர்.

நம் மாநிலத்துக்கும் இக்கதையில் இடமுண்டு. செங்கற்பட்டில் காக்ரேன் 1940-களில் சல்ஃபோன் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். வேலூரில் பால் பிராண்ட் தசைநாண்களை இடம் மாற்றி மடங்கிய கைகளை நிமிர்த்தினார். தொழுநோயில் விரல் அழுகி விழுவதில்லை. வலி தெரியாத கை தீயிலும் முள்ளிலும் பட்டுத் தேய்கிறது என்பதை எடுத்துக்காட்டியவரும் அவரே. 1980-களிலிருந்து ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் என்னும் மும்மருந்தைச் சேர்த்துத் தருகின்றனர். ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் கிருமி ஒழிகிறது. முதல் வேளை மருந்துக்குப் பின் சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை அநேகமாக நீங்கிவிடுகிறது. இந்தியாவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை 2005-இல் எட்டினோம். ஆயினும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் இந்நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் காட்டலாம் என்றிருந்த சட்டப்பிரிவு 2019-இல்தான் நீக்கப்பட்டது.

முழங்கைக்குப் பின்னால் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல் தோன்றுகிறதல்லவா? அந்த நரம்பு அங்கே தோலையொட்டிக் குளிர்ந்து கிடப்பதால் கிருமிக்கு மிகவும் பிடித்த இடம். மருத்துவர்கள் அதைத்தான் முதலில் தடவிப் பார்க்கின்றனர். கயிறுபோல் தடித்திருந்தாலோ, சுண்டுவிரல் மரத்திருந்தாலோ, மரத்துப்போய் ஆறு மாதத்துக்குள் வந்துவிட்டால் பிரெட்னிசோலோன் கொடுத்து அந்த நரம்பை மீட்கப் பெரும்பாலும் வாய்ப்புண்டு. அதற்குமேல் தாமதித்தால் அவ்வாய்ப்பு மிகவும் குறைவு.