எந்தப் ‘ப’?

“ஆத்தா, விரலை நல்லா அழுத்துங்க” என்றாள் அக்ஷயா சென்டர் பெண். அம்மா அழுத்தினாள். சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு. பெருவிரல், ஆள்காட்டி விரல், வலது கை, இடது கை என்று ஒரு சுற்று வந்தாயிற்று. அறுபது வருஷம் கடலைக்காய் பறித்த கை. ரேகையெல்லாம் எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை மண்ணோடு போய்விட்டது.

“ரேகை விழுகலைங்க டீச்சர். கண்ணுல பாத்தரலாம்.”

அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்திருக்கிறது; அதனால் எனக்குச் சந்தேகம்தான். இரண்டாம் தடவை கருவி ஏற்றுக்கொண்டது. அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று கேரள அரசுக்குத் தெரிந்தது.

அக்ஷயா என்பது கேரளத்தின் இ-சேவை மையம். அங்கே நடக்கும் இதற்குப் பெயர் மஸ்டரிங். பென்ஷன் வாங்கும் முதியவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஆதாரோடு வந்து, நான்தான் நான் என்று காட்ட வேண்டும். எழுந்து வர முடியாதவர்களுக்குச் சென்டர்காரர்களே கருவியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். விரலும் கண்ணும் கைவிட்டால் பஞ்சாயத்தில் லைஃப் சர்ட்டிபிகேட் கொடுக்கலாம். 1600 ரூபாயாக இருந்த பென்ஷன் 2025 நவம்பரிலிருந்து 2000 ஆகியிருக்கிறது. அம்மாவின் மருந்துக்கும் வெற்றிலைக்கும் அதுதான்.

கருவி, திரை என்று எல்லாமே ‘ஸ்மார்ட்’ ஆகும் காலம் இது. ஸ்மார்ட் சிட்டி என்று 2015-ல் மத்திய அரசு தொடங்கியதே, அந்த 100 நகரங்களில் எங்களுக்குக் கிழக்கே கோயமுத்தூர் உண்டு, மேற்கே கொச்சி உண்டு. இரண்டும் முதல் பட்டியலிலேயே வந்தவை. நடுவில் பாலக்காடு இல்லை. பிறகு 2024 ஆகஸ்ட் 28 அன்று மத்திய அமைச்சரவை பாலக்காட்டுக்கும் ஒன்றை அறிவித்தது: 1710 ஏக்கர், 3806 கோடி ரூபாய். “கோயமுத்தூர் உக்கடம் பெரியகுளம் மாதிரி நமக்கும் கரை கட்டி லைட் போடுவாங்களா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாகக் கேட்டார். அது தொழிற்சாலைகளுக்கான நகரம், கொச்சி–பெங்களூரு தொழில் வழித்தடத்தில் புதுச்சேரியில் வருவது என்றேன். (பாண்டிச்சேரி அல்ல; கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் புதுச்சேரி.) மனிதருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

எங்கள் வீட்டு வாசல் வரை வந்த ஸ்மார்ட் எல்லாம் வேறு பெயர்களில் வந்தவை. கே-போன் அதில் ஒன்று. கே.எஸ்.இ.பி. மின்கம்பங்கள் வழியாகவே இன்டர்நெட் ஒயரை இழுத்து, அரசு அலுவலகங்களுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் கொடுக்கும் திட்டம். 2023 ஜூன் 5 அன்று முதல்வர் தொடங்கி வைத்தார். அதே நாளில்தான் ஏ.ஐ. கேமராக்கள் ஹெல்மெட் இல்லாதவர்களுக்கு அபராதம் போட ஆரம்பித்தன. டீக்கடையில் எதைப் பேசினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று கே-ஸ்மார்ட். பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவு, வீட்டு வரி, கட்டட அனுமதி எல்லாம் ஒரே இடத்தில். 2024 ஜனவரி 1 அன்று நகராட்சிகளுக்கு வந்தது, 2025 ஏப்ரலில் பஞ்சாயத்துகளுக்கும் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும் வீடியோவில் முகம் காட்டிக் கல்யாணத்தைப் பதியலாம்.

இதன் அருமை மலையில்தான் தெரியும். என் தங்கையைக் கட்டிக் கொடுத்தது மூணாறு எஸ்டேட்டில். கேரளத்துக்குள்ளேயே இருக்கும் தங்கையைப் பார்க்க நான் கேரளத்தை விட்டு வெளியேற வேண்டும்: பொள்ளாச்சி, உடுமலை, பிறகு சின்னாறு வழியாகத் திரும்ப உள்ளே நுழைந்து மறையூர், மூணாறு. அவளுக்கும் அப்பால் இடமலக்குடி. 2010-ல் அமைந்த, கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து. முதுவான்களின் குடிகள் காட்டுக்குள்ளே. அவர்களுடைய பஞ்சாயத்து ஆபீஸ் நெடுங்காலம் நடந்ததோ தேவிகுளத்தில். ஒரு காகிதத்துக்காக மலை இறங்கி மலை ஏறியவர்களிடம் போய், ஆன்லைன் எல்லாம் வீண் ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன்.

என் வழக்கு வேறு. தமிழில் ஒரே ‘ப’. பழத்துக்கும் அதுதான், பஸ்ஸுக்கும் அதுதான். மலையாளத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்து. அம்மாவின் பெயர் ‘ப’வில் தொடங்கும் (முழுசாக எழுதினால் கோபித்துக்கொள்வாள்). ரேஷன் கார்டில் பழத்துப் ப. எந்தக் காலத்திலோ ஓர் ஆபீஸில் யாரோ பஸ்ஸுப் ப போட்டு எழுதிவிட்டார்கள். அது அப்படியே ஆதாருக்கும் போயிற்று. முன்பெல்லாம் இது ஒரு விஷயமே இல்லை. கிளார்க் நிமிர்ந்து பார்ப்பார், ‘அட, நம்ம டீச்சரோட அம்மா’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார். கம்ப்யூட்டர் நிமிர்ந்து பார்க்காது. இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று வில்லேஜ் ஆபீஸில் சர்ட்டிபிகேட் வாங்கி, ஆதாரைத் திருத்தினோம். எங்கள் பக்கம் அதற்கு ‘ஒன் அண்ட் சேம்’ என்றே பெயர். அந்த அலைச்சலில் பழத்துப் ப, பஸ்ஸுப் ப என்று அம்மாவே பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

வீட்டுப்பேர் கேட்கும் கட்டம் இன்னொரு கூத்து. மலையாளிகளுக்குத் தறவாட்டுப் பெயர் இருக்கும். எங்களுக்கேது? இனிஷியலோடு சரி. நான் மாரியம்மன் கோயில் வீதி என்று போடுவேன். தங்கை தன் லயத்தின் நம்பரைப் போட்டிருக்கிறாள்.

தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம் என்று கேரளத்தின் 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. எத்தனையோ பேருக்கு நான் தமிழில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெண்ணின் திரையில் இருந்தது மலையாளமும் இங்கிலீஷும். அவள் ஒவ்வொரு கட்டமாகத் தமிழில் சொல்லச் சொல்லத்தான் அம்மா தலையாட்டினாள். 2002-ல் மலப்புறத்தில் அப்துல் கலாம் தொடங்கி வைத்தபோது, வீட்டுக்கு ஒருவருக்காவது கம்ப்யூட்டர் சொல்லித் தருவதுதான் அக்ஷயாவின் வேலையாக இருந்தது. எங்கள் எல்லையில் அது மொழிபெயர்ப்பு ஆபீஸாகவும் ஆகிவிட்டது. அந்தக் கட்டங்களைத் தமிழிலும் போடுவதற்கு ஒயர் இழுக்கும் செலவு ஆகாது. மனுவுக்குக் கொடுத்த உரிமையைத் திரைக்கும் கொடுக்கட்டும் என்பதுதான் நான் கேட்பது.

பிரிண்டரிலிருந்து ரசீது வந்தது. “முடிஞ்சுதுங்க ஆத்தா. இனி அடுத்த வருஷம் வந்தாப் போதும்.”

அம்மா நகரவில்லை. “எந்தப் ப போட்டிருக்குது அம்மிணி?”

அவள் ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “பழத்துப் ப தானுங்க.”

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ண ஆரம்பித்தாள்.