முருகைக்கல்லும் எங்கள் பிள்ளைகளும்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்த எவரும் முருகைக்கல்லை அறியாமல் இருக்க முடியாது. நெடுந்தீவில் வளவுகளைச் சுற்றி நிற்கும் மதில்கள் முருகைக்கற்களை அடுக்கிக் கட்டியவை. அங்குள்ள பழைய கோட்டையும் அதே கல்லால் ஆனதே. ஆனால் அந்தக் கல் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்பதை எத்தனை பேர் எமது பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

வலிகாமம் வடக்கின் கரையோரக் கிராமம் ஒன்றில் நான் மாலை வகுப்பு நடத்தி வருகின்றேன். இங்குள்ள குடும்பங்கள் 1990 இல் இடம்பெயர்ந்தவை. மல்லாகம், சுன்னாகம் பகுதி நலன்புரி முகாம்களில் இருபது, இருபத்தைந்து வருடங்கள் கழிந்தன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டது. கடற்றொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் கடலைக் காணாமலே முகாமில் வளர்ந்தார்கள். இன்று அவர்கள் தாய் தந்தையர். எந்த இடத்தில் பாறை, எந்த இடத்தில் மணல், எப்போது வத்து, எப்போது பெருக்கு என்று பாட்டன் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்த அறிவு நடுவிலே அறுந்து போயிற்று. வீடும் வள்ளமும் போனதைக் கணக்கெடுத்தார்கள். இந்த இழப்பை எவரும் கணக்கெடுக்கவில்லை. அதனால்தான் சுற்றாடல் பாடத்தில் கடலடிப் பாறைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

கல்லுக்குள் ஒரு ஊர்

முதல் நாள் பழைய மதிலில் இருந்து விழுந்த ஒரு கல்லையும் ஒரு பூதக்கண்ணாடியையும் பிள்ளைகளிடம் கொடுத்தேன். கல் முழுவதும் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் போலக் குழிகள். "ஒவ்வொரு குழியும் ஒரு வீடு" என்றேன். அந்த வீட்டில் இருந்தது முருகை என்ற மிகச் சிறிய விலங்கு. அது கடல்நீரில் உள்ள சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றி வீடு கட்டுகின்றது. அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி வாழ்கின்றது. பாசி வெயிலில் உணவு சமைத்து முருகைக்குப் பங்கு கொடுக்கின்றது. முருகை பாசிக்கு இருக்க இடம் கொடுக்கின்றது. உருண்டையாக வளரும் முருகைகள் வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளரும். ஒரு முழ உயரக் கல்லுக்குச் சுமார் ஐம்பது வருடம் வேண்டும்; அலவாங்கால் உடைக்க ஐந்து நிமிடம் போதும்.

உலகக் கடலடியில் நூற்றுக்கு ஒரு வீதத்திலும் குறைந்த இடத்தையே இப்பாறைகள் பிடித்துள்ளன. ஆயினும் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அவற்றை நம்பி வாழ்கின்றது. எங்கள் அடுப்புக்கு வரும் கலவாய், விளைமீன், சிங்க இறால் எல்லாவற்றுக்கும் பாறையோடு உறவு உண்டு.

பாறைக்கு வரும் காய்ச்சல்

பாறைகளுக்கு வரும் ஆபத்துகளைப் பிள்ளைகளுக்கு வீட்டுச் சாமான்களைக் கொண்டே விளக்கலாம். இரண்டு போத்தல்களை எடுங்கள். ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் சேற்றுத் தண்ணீர். பின்னால் ரோச் லைற்றைப் பிடியுங்கள். சேற்றுத் தண்ணீரில் வெளிச்சம் வராது. இழுவைப்படகு கடலடியைக் கிளறும்போதும் இதுதான் நடக்கின்றது. வெளிச்சம் இல்லையேல் பாசிக்குச் சமையல் இல்லை. முருகைக்குச் சாப்பாடு இல்லை.

காய்ச்சல் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். எங்கள் உடம்பு 37 பாகையில் இருந்து 38 ஆனாலே சோர்ந்து விடுகின்றோம். முருகையும் அப்படித்தான். வழமையான கோடைச் சூட்டைவிட ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் நீடித்தால் உள்ளிருக்கும் பாசி வெளியேறுகின்றது. முருகை வெள்ளையாகிப் பசியில் வாடுகின்றது. சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் இறக்கும். கற்பிட்டிக்கு அப்பால் உள்ள பார் ரீவ் பாறையில் 1998 இல் ஆழம் குறைந்த பகுதி பெரும்பாலும் அழிந்தது. மெல்ல மெல்ல மீண்டு வந்ததை 2016 இல் வந்த சூடு மறுபடியும் தாக்கியது. 2023 ஜனவரி தொடங்கி இரண்டு வருடங்களில் உலகப் பாறைகளின் பரப்பில் நூற்றுக்கு எண்பது வீதத்துக்கும் மேல் இந்தச் சூட்டைச் சந்தித்தது.

கல் அகழ்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கம் சாட்சி. அங்குள்ள 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டும் கடலுள் மூழ்கி விட்டன. பல வருடங்களாகச் சுற்றிலும் கல் அகழ்ந்தமை அதற்கு முக்கிய காரணம். 2004 ஆழிப்பேரலையின் போது தெற்கே ஹிக்கடுவையில் பாறை இருந்த இடத்தில் நீர் அதிக தூரம் வரவில்லை. சில கிலோமீற்றர் தள்ளி, கல் அகழப்பட்ட பெரலியவில் அலை ஒரு புகையிரதத்தையே புரட்டியது. இதைச் சொல்லும்போது கவனம் வேண்டும். வடமராட்சி கிழக்கில் அந்த அலையில் உறவைப் பறிகொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் எம்மிடையே உண்டு. பயமுறுத்துவதற்காகச் சொல்லக் கூடாது.

"அப்ப அம்மா செய்யிறது பிழையோ?"

ஒரு நாள், கல் உடைப்பதும் முருகைத் துண்டு விற்பதும் சட்டப்படி தடை என்று சொல்லிக் கொண்டிருந்தேன். ஒரு மகன் எழும்பிக் கேட்டான்: "அப்ப என்ர அம்மா செய்யிறது பிழையோ ரீச்சர்?"

வகுப்பு அமைதியாயிற்று. 2009 இல் கணவனைத் தொலைத்தவர் அந்தத் தாய். வத்து நேரத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சோகி, சிப்பி பொறுக்குவார். அழகான முருகைத் துண்டு அகப்பட்டால் அதையும் எடுத்து, கரைக்கு வருவோருக்கு விற்பார். அந்தப் பையனின் கொப்பியும் பென்சிலும் அதில்தான் வருகின்றன.

"உன்ர அம்மா உன்னை வளர்க்கிறா. அது பிழையில்லை. பாறையும் இருக்க வேணும், நீங்களும் சாப்பிட வேணும். வழி என்னெண்டு அம்மாவிட்டையே கேப்பம்" என்றேன்.

மறுநாள் அந்தத் தாயிடம் போனேன். புத்தி சொல்லப் போகவில்லை. வகுப்புக்கு வந்து பிள்ளைகளுக்குக் கடலடியைப் பற்றிச் சொல்லும்படி கேட்கப் போனேன். "நான் எட்டாம் வகுப்பு, ரீச்சர்" என்று தயங்கினார். பிறகு வந்தார். மணலில் தடியால் கோடு கீறி, எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று காட்டினார். "செத்த கல் சாம்பல் நிறம், பாசி பிடிச்சிருக்கும். உயிர்க்கல் வழுக்கும், மண்ணிறமாயோ பச்சையாயோ இருக்கும். அதை மிதிச்சா நொருங்கிப் போம்" என்றார். எந்தப் புத்தகத்திலும் நான் அதை அவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. மகனின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும்.

இப்போது அவர் மணல் வழியே நடக்கிறார், முருகைத் துண்டு எடுப்பதில்லை. சிப்பி பொறுக்குவதை விடவில்லை. குறைந்த வருமானத்துக்கு ஈடு இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் மாதர் சங்கம் கோழி வளர்ப்புக்குச் சுழற்சிக் கடன் கொடுப்பது பற்றிப் பேசி வருகின்றது. பாறையைக் காக்கும் செலவை ஏழைத் தாய் ஒருத்தி மட்டும் சுமப்பது நியாயமல்ல.

நாம் செய்யக் கூடியவை

* குற்றவாளியைத் தேடுவது போல் பாடத்தைத் தொடங்காதீர்கள். பிள்ளையின் வீட்டுத் தொழிலை வகுப்பில் இழிவுபடுத்தாதீர்கள்.

* சட்டத்தைத் தெரிந்து வையுங்கள். கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதை 1988 இன் திருத்தச் சட்டம் தடுக்கின்றது. வெடி வைத்து மீன் பிடிப்பது குற்றம். இழுவைமடித் தொழில் 2017 இல் தடை செய்யப்பட்டது.

* கிழிந்த தங்கூசி வலையையும் சொப்பிங் பையையும் கடலில் விடாதீர்கள். பாறையில் சிக்கிய வலை வருடக்கணக்கில் மீனைக் கொல்லும்.

* வீட்டில் உள்ள முதியவர்களைப் பிள்ளைகளோடு கரைக்கு அனுப்புங்கள். பாறைகளின் ஊர்ப் பெயர்களை அவர்கள் சொல்ல, பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும்.

கடல் சூடாவதற்கு நாங்கள் காரணமல்ல. பெரிய நாடுகளின் புகைக்கு எங்கள் கரை விலை கொடுக்கின்றது. அதை எங்களால் நிறுத்த முடியாது. ஆனால் சேறும் வலையும் அலவாங்கும் தாக்காத பாறை, காய்ச்சல் வந்தாலும் மீண்டெழ அதிக வாய்ப்பு உண்டு. அந்த அளவுக்காவது பார்த்துக் கொள்வது எங்கள் கையில் இருக்கின்றது. அறுந்த அறிவை மறுபடி முடிந்து பிள்ளைகளின் கையில் கொடுப்போம், சகோதரிகளே.