சுவர் தரும் மின்சாரம்: மான்செஸ்டர் கோபுரத்தின் வரவு செலவு

கடைக்கு மேல் மாடி எழுப்பும் வணிக அன்பர்கள் முகப்புச் சுவருக்குக் கண்ணாடி பதிப்பதா, அலுமினியத் தகடு பதிப்பதா என்று யோசிப்பது வழக்கம். இப்போது மூன்றாவதாக ஒரு சரக்கும் விலைக்கு வருகிறது. சூரிய ஒளித் தகட்டையே சுவரில் பதித்துவிடுவது! மொட்டை மாடியில் இடம் போதாத உயரமான கட்டடங்களுக்கு இதுவே வழி என்கிறார்கள். விற்பவர் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். செய்து பார்த்த ஓரிடத்தின் பேரேட்டை நாம் புரட்டிப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் சி.ஐ.எஸ். கோபுரம் என்று ஒன்று உள்ளது. 118 மீட்டர் உயரம். கூட்டுறவுக் காப்பீட்டுச் சங்கம் தன் அலுவலகத்துக்காக 1962-ல் கட்டி முடித்தது. அந்தக் கூட்டுறவு இயக்கம் வேர்விட்டதே ஒரு மளிகைக் கடையில்தான் என்பது நமக்கு இனிப்பான செய்தி. பக்கத்து ஊரான ராச்டேலில் 1844-ல் 28 பேர் சேர்ந்து வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி விற்கத் திறந்த சிறு கடை அது.

கோபுரத்தின் ஒரு பகுதியில் லிஃப்டும் படிக்கட்டும் மட்டுமே. ஜன்னலே கிடையாது. அந்தச் சுவர் முழுவதும் சிறு சிறு மொசைக் சில்லுகளாக, ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது லட்சம் ஒட்டியிருந்தார்கள். கட்டி முடித்த சில மாதங்களிலேயே சில்லுகள் உதிரத் தொடங்கிவிட்டன. வெயிலுக்கும் குளிருக்கும் சுவர் விரிந்து சுருங்க இடைவெளி விடாததும், ஒட்டிய சிமெண்டின் குறையும் காரணம். அத்தனை உயரத்திலிருந்து ஒரு சில்லு விழுந்தால் கீழே நடப்பவர் கதி என்ன? எப்படியும் சுவரை மூடியாக வேண்டும். மூடுகிற செலவோடு மின்சாரமும் கிடைக்கட்டுமே என்று சூரிய ஒளித் தகடு பதித்தார்கள். 2005 நவம்பரில் மின்சாரம் வரத் தொடங்கியது.

மொத்தம் 7,244 தகடுகள். மின்சாரம் தருபவை 4,898 மட்டுமே. மற்றவை நம் கடை மேல்தட்டில் பார்வைக்கு அடுக்கும் காலி டின்களைப் போலத்தான்! செலவு 55 லட்சம் பவுண்டு. அதில் பத்து லட்சத்துக்குச் சற்று மேல் மானியம். எதிர்பார்த்த விளைச்சல் ஆண்டுக்கு 1,80,000 யூனிட்.

இனி நம் மனக்கணக்கு. முழுச் செலவையும் 25 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 2,20,000 பவுண்டு. ஒரு யூனிட்டின் அடக்க விலை ஒரு பவுண்டுக்கும் மேல். வட்டி இன்னும் போடவில்லை. அன்று கம்பி வழியாக வந்த மின்சாரமோ சில பென்னிகளுக்குக் கிடைத்தது. மின்சார வியாபாரமாகப் பார்த்தால் பெருநஷ்டம். ஆனால் சாரம் கட்டிச் சுவரை மூடும் செலவை அவர்கள் எந்த வழியிலும் தவிர்த்திருக்க முடியாது. அந்தச் செலவைக் கழித்த பின் மிஞ்சுவதுதான் மின்சாரத்தின் விலை. நல்ல சுவருக்கு மேல் தகடு பதிப்பவருக்கு இந்தக் கழிவு கிடையாது.

2005-ஐவிடத் தகட்டின் விலை இன்று மிகவும் இறங்கிவிட்டது உண்மைதான். ஆனால் நம் ஊர் வெயில் வேறு விதம். மான்செஸ்டரில் சூரியன் தாழ்ந்து செல்வதால் செங்குத்துச் சுவரிலும் ஓரளவு நேராகப் படும். சென்னையில் உச்சிப்பொழுது வெயில் தலைக்கு மேல். மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை நடுப்பகலில் சூரியன் சற்று வடக்கே நிற்பதால் தெற்குச் சுவரில் நேர் வெயிலே படாது. இங்கே மொட்டை மாடியில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட் தரும். சுவரில் அதில் ஏறக்குறைய பாதிதான். ஆகவே மாடியில் ஒரு சதுர அடி காலியாக இருக்கும்வரை சுவரைத் தொட வேண்டாம் என்பது நம் கருத்து.

கடைவீதிக்கு இன்னொரு தொல்லை நிழல். எதிர்க்கட்டடமோ நம் சொந்தப் பெயர்ப்பலகையோ ஒரு தகட்டை மறைத்தால், அதோடு வரிசையாக இணைத்த மற்றத் தகடுகளின் விளைச்சலும் குறையும். தூசி மட்டும் செங்குத்துத் தகட்டில் குறைவாகத் தங்கும்.

சூடேறினால் தகட்டின் உற்பத்தி குறையும். அதனால் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே காற்றோட்ட இடைவெளி விடுகிறார்கள். தீப்பிடித்தால் அதே இடைவெளி புகைபோக்கியாகித் தீயை மாடிக்கு மாடி ஏற்றிவிடும். லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017-ல் 72 உயிர்கள் போனதற்கு எளிதில் எரியக்கூடிய சுவர்ப் போர்வை முக்கியக் காரணம். அது சூரியத் தகடு அல்ல. ஆனால் எந்தப் போர்வைக்கும் இந்தக் கேள்வி உண்டு. கீழே எண்ணெயும் அட்டைப்பெட்டியும் அடுக்கி வைத்திருக்கும் நாம், தகட்டின் பின்புறம் என்ன பொருள், மாடிக்கு மாடி தீத்தடுப்பு வைக்கிறார்களா என்பதைக் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஐந்தாவது மாடியில் ஒரு தகடு உடைந்தால் யார் ஏறி மாற்றுவார், அதே அளவுத் தகடு பத்தாண்டு கழித்தும் கிடைக்குமா, சாரம் கட்டும் கூலி யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.