பாத் நகரின் வெந்நீர் ஊற்று

இங்கிலாந்தில் ஏவன் ஆற்றங்கரையிலுள்ள ‘பாத்’ நகரின் பெயருக்குக் குளியல் என்பதே பொருள். ரோமர் கட்டிய பெருங்குளத்தின் கரையில் நான் நின்றபோது ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஆனால், நீரைத் தொடலாகாது என்று எச்சரித்தார்கள். அடுத்த மண்டபத்திலோ அதே ஊற்றின் நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள்! இது என்ன விந்தை?

மெண்டிப் குன்றுகளில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை, சுண்ணாம்புப் பாறை வழியே ஆழத்திற்குச் சென்று, பூமியின் உள்வெப்பத்தால் காய்ந்து, பாறைப் பிளவின் வழியே மேலெழுகிறது. வெப்பம் 46 டிகிரி சென்டிகிரேடு. நாளொன்றுக்குப் 11 லட்சம் லிட்டருக்கு மேல். ரோமர் இதைச் சூலிஸ் மினர்வா தேவியின் அருள் என நம்பினர். உடைமைகளைத் திருடியவர்களைத் தண்டிக்குமாறு ஈயத் தகடுகளில் எழுதி ஊற்றிலே இட்டனர். அத்தகைய தகடுகள் ஏறத்தாழ 130 கிடைத்திருக்கின்றன.

1978ஆம் ஆண்டில் இந்த ஊற்றுநீரில் நீந்திய ஒரு சிறுமி மூளைக்காய்ச்சலால் இறந்தாள். வெதுவெதுப்பான நீரில் வளரும் ‘நேக்லேரியா’ என்னும் நுண்ணுயிர் மூக்கின் வழியே புகுந்து மூளையைத் தாக்கும். குளியல் நிறுத்தப்பட்டது. ஆராய்ந்தபோது, கேடு ஆழத்து நீரில் இல்லை, மேற்பரப்பை நெருங்கும் இடத்தில்தான் என்று தெரிந்தது. எனவே 1983இல் புதிய ஆழ்துளையிட்டுத் தூய நீரை எடுத்தனர். நான் குடித்தது அந்த நீரே. 2006இல் நீராடவும் புதிய குளியலகம் திறந்தனர்.

பழம்பெருமை பேசி அவர்கள் கேட்டை மறைக்கவில்லை. கேட்டுக்கு அஞ்சி ஊற்றைக் கைவிடவும் இல்லை. புனித நீர் எங்கிருந்தாலும் அதற்குச் செய்யத்தக்க மரியாதை இதுவே என்று எனக்குத் தோன்றியது.