வளர்ப்பு நாயும் குருதிப் பரிசோதனையும்: வந்த வழியைச் சொல்வது அவசியம்

கோட்-டெ-நெய்ஜ் என்ற பெயர் பனி படர்ந்த சரிவைக் குறிப்பது. 1980களில் எம்மவர் இங்கு வந்து சேர்ந்தபோது ஒரு சிறு வீட்டைப் பலர் பகிர்ந்து வாழ்ந்தனர். அந்நாட்களில் நாய் வளர்ப்பது பற்றி எண்ணிப் பார்க்கவும் இடமிருக்கவில்லை. இன்று நிலைமை வேறு. விக்ரோரியா வீதியிலும் வான் ஹோர்ன் வீதியிலும் மாலை வேளைகளில் நாயுடன் நடந்து செல்லும் எம்மவர் பிள்ளைகளைக் காண்கிறோம். ஊரில் முற்றத்தில் காவல் கிடந்த நாய், இங்கே வரவேற்பறையில் பிள்ளைகளின் காலடியில் உறங்குகிறது.

வசந்தகாலம் பிறந்ததும் மிருக வைத்தியசாலையிலிருந்து குருதிப் பரிசோதனைக்கு அழைப்பு வருகிறது. "நாய் நன்றாகத் தின்கிறது, ஓடுகிறது, எதற்காகக் குருதி எடுக்க வேண்டும்? எதற்காக இந்தச் செலவு?" என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண்பதற்கு, அந்தப் பரிசோதனை எதைத் தேடுகிறது, எதைத் தேடுவதில்லை என்ற இரண்டையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

இதயப்புழு

பரிசோதனையில் முதன்மையாகத் தேடப்படுவது இதயப்புழு. டைரோபிலேரியா இமிற்றிஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். 1856ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி யோசெப் லீடி இதனை விபரித்தார். ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு இதனைக் காவிச் செல்வது நுளம்பு. நுளம்பு கடிக்கும்போது உட்புகும் குடம்பிகள் பல மாதங்கள் உடலினுள் பயணம் செய்து, சுவாசப்பை நாடிகளிலும் இதயத்தின் வலப்புறத்திலும் குடிகொள்கின்றன. முதிர்ந்த பெண்புழு 30 சென்ரிமீற்றர் வரை நீளும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை உயிர்வாழும். தொடக்கத்தில் நாயிடம் எந்த அறிகுறியும் தென்படாது. இருமலும் களைப்பும் தோன்றும் வேளையில் நாடிகள் ஏற்கனவே சேதமடைந்திருக்கும். நன்றாகத் தின்னும் நாயிடமும் குருதி எடுப்பது இதனாலேயே.

நுளம்பின் உடலினுள் குடம்பி வளர்வதற்கு வெப்பம் வேண்டும். ஏறத்தாழ 14 பாகை செல்சியசுக்குக் கீழே அது வளர்வதில்லை. எனவே கியூபெக்கில் இந்நோய் பரவும் காலம் கோடையை ஒட்டிய சில மாதங்களே. கனடாவில் தென் ஒன்ராறியோவே இதனை அதிகம் கண்ட பகுதி. கியூபெக்கின் தென்பகுதியில் சிறிதளவே உண்டு. ஆனால் நாய்கள் ஓரிடத்தில் இருப்பதில்லை. 2005இல் கற்றீனா சூறாவளிக்குப் பின்னர் லூசியானாவில் மீட்கப்பட்ட நாய்கள் வட அமெரிக்காவின் பல பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டன. அவற்றுட் பல இதயப்புழுவையும் உடன் கொண்டு சென்றன.

பரிசோதனை காண்பதும் காணாததும்

வைத்தியசாலையில் சில துளிக் குருதியைக் கொண்டு சில நிமிடங்களில் செய்யப்படுவது அன்ரிஜன் பரிசோதனை. முதிர்ந்த பெண்புழு குருதியில் வெளியிடும் புரதத்தை அது கண்டுபிடிக்கிறது. இதன் பொருளைச் சற்று நிதானமாக நோக்க வேண்டும். நுளம்பு கடித்துப் பெண்புழு முதிர்வதற்கு ஆறு மாதங்களளவு செல்லும். அதற்கு முன்னர் எடுத்த குருதி, நாயின் உடலில் புழு வளர்ந்துகொண்டிருந்தாலும், 'இல்லை' என்றே சொல்லும். ஆண்புழு மட்டும் இருந்தாலும் அவ்வாறே. சில நாய்களில் அப்புரதத்தை உடலின் பிறபொருளெதிரிகள் பற்றி மறைத்துவிடுவதும் உண்டு. அவ்வேளையில் ஆய்வுகூடம் குருதிமாதிரியைச் சூடாக்கி மீண்டும் சோதிக்கும்.

ஆகவேதான் வேறிடத்திலிருந்து வந்த நாய்க்கு வந்தவுடன் ஒருமுறையும், ஆறு மாதங்களின் பின் இன்னொருமுறையும் பரிசோதனை செய்யும்படி கூறுகிறார்கள். இரண்டாவது அழைப்பை வீண்செலவு என்று ஒதுக்குவோர், முதலாவது பரிசோதனைக்குக் கொடுத்த பணத்தின் பாதிப் பயனை இழக்கிறார்கள்.

இலங்கையின் வேறொரு புழு

எம்மவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது இதுவே. இலங்கை நாய்களிடம் பரவலாகக் காணப்படுவது இதயப்புழுவின் உறவான டைரோபிலேரியா ரெப்பென்ஸ். இதுவும் நுளம்பினாலேயே பரவுகிறது. ஆனால் இதயத்தை நாடாமல் தோலின் கீழ் வாழ்கிறது. மனிதரையும் இது தொற்றுவதுண்டு. கண்ணிமையிலும் தோலின் கீழும் சிறு கட்டியாகத் தோன்றும். இலங்கையில் சிறு பிள்ளைகளிடமும் இது கண்டறியப்பட்டுள்ளது. ஒட்டுண்ணியியல் பேராசிரியர் ஏ. எஸ். திசாநாயக்க இத்தகைய மனிதத் தொற்றுக்களைப் பற்றி 1990களில் விரிவாக எழுதினார்.

இங்குள்ள வைத்தியசாலைகளில் வழக்கமாகப் பயன்படும் அன்ரிஜன் பரிசோதனை இதயப்புழுவுக்கென ஆக்கப்பட்டது. தோலின் கீழ் வாழும் உறவுப் புழுவை அது தேடுவதில்லை. அதனைக் காண, குருதியில் மிதக்கும் நுண்குடம்பிகளை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். நொற் முறை எனப்படும் பரிசோதனையில் ஒரு மில்லிலீற்றர் குருதியை போமலின் கரைசலுடன் கலந்து, சுழற்றி, அடியில் தங்கும் வண்டலுக்கு நீலச் சாயமிட்டு நோக்குவர். குடம்பியின் நீளத்தையும் தலை வால் அமைப்பையும் கொண்டு எந்தப் புழு என்று பிரித்தறிவர். ஐயம் எஞ்சினால் மரபணுப் பரிசோதனை தீர்த்துவைக்கும்.

எந்த நேரத்தில், எந்த முறையில் பார்ப்பது என்பது எமது நாட்டுக்குப் புதிதன்று. கொழும்பு, காலிக் கரையோரங்களில் யானைக்கால் நோய் ஒழிப்புப் பணியாளர் இரவில் வீடு வீடாகச் சென்று குருதி எடுத்தார்கள். அந்நோயின் நுண்குடம்பிகள் இரவிலேயே வெளிக்குருதிக்கு வருகின்றன; பகலில் எடுத்திருந்தால் நோயாளரையும் சுகதேகி என்றே எழுதியிருப்பார்கள். இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

பிள்ளைகளுக்கு ஆபத்தா?

நாயைத் தொடுவதாலோ, அது நக்குவதாலோ இப்புழுக்கள் பிள்ளைகளுக்குத் தொற்றா. இடையில் நுளம்பு இருந்தே ஆக வேண்டும். எனவே பரிசோதனை 'உண்டு' என்று வந்துவிட்டால், அஞ்சி நாயைக் கைவிட வேண்டியதில்லை, சிகிச்சை உண்டு. பிள்ளைகளை நேராகப் பாதிக்கக்கூடியது வேறொன்று: குட்டிகளின் குடலில் வாழும் வட்டப்புழு. அதற்கு மலப் பரிசோதனை வேண்டும். அதன் முட்டைகள் மலத்துடன் வெளிவந்த உடனே தொற்றுவதில்லை. அதற்குச் சில வாரங்கள் செல்லும். ஆகவே பூங்காவில் நாயின் மலத்தை அன்றன்றே அகற்றுவது எமது பிள்ளைகளுக்கும் அயலவர் பிள்ளைகளுக்கும் காப்பு.

செய்ய வேண்டியவை

ஊரிலிருந்து வந்த மாட்டு மருந்தையோ, நண்பர் கொடுத்த மாத்திரையையோ பரிசோதனையின்றிக் கொடுக்கக் கூடாது. குருதியில் நுண்குடம்பிகள் மிகுந்திருக்கும் நாய்க்குத் தடுப்பு மருந்து கொடுத்தால் அவை ஒரேயடியாக மடிந்து அதிர்ச்சியை ஏற்படுத்தலாம். கொலி போன்ற சில இனங்களுக்கு ஐவர்மெக்ரின் கூடுதலாகச் செல்வது உயிராபத்து. பரிசோதனையின் பின் வைத்தியர் தரும் தடுப்பு மருந்தைக் கோடைக்காலம் முழுவதும் மாதந்தோறும் தவறாது கொடுத்தல் வேண்டும்.

2022 செப்ரெம்பர் 28 முதல், இலங்கையும் இந்தியாவும் உட்பட விசர்நாய்க்கடி நோய் மிகுந்த நாடுகளிலிருந்து விற்பனைக்காகவும் தத்துக்கொடுப்பதற்காகவும் நாய்களைக் கொண்டுவருவதைக் கனடா தடைசெய்துள்ளது. சொந்த வளர்ப்பு நாயை உரிய தடுப்பூசிப் பத்திரங்களுடன் கொண்டுவருவோருக்கு வழி உண்டு. அவ்வாறு கொண்டுவந்தோரும், கோடை விடுமுறையில் நாயைத் தெற்கே கூட்டிச் சென்றோரும், அதனை மறைக்காது வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

'எங்கிருந்து வந்தாய், எவ்வழியாக வந்தாய்?' என்ற கேள்வி எம்மவருக்கு அச்சம் தருவது. குடிவரவு அலுவலகங்களில் அதற்குப் பதில் சொல்லிக் களைத்தவர்கள் நாம். ஆகையால் வைத்தியசாலையில் அதே கேள்வி எழும்போது, 'இங்கேயே வாங்கியது' என்று சுருக்கமாக முடித்துவிடத் தோன்றும். அங்கு அந்தக் கேள்வி கேட்கப்படுவது எந்தப் புழுவைத் தேடுவது என்று தெரிந்துகொள்வதற்கே. நாய் தன் பயணத்தைத் தானே சொல்லாது. பரிசோதனையும் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் தரும். சரியான கேள்வியைக் கேட்கும்படி வைத்தியருக்கு உதவ வேண்டியவர்கள் நாமே.