ரன்வே எங்கே போச்சு?

எங்க அப்பா ஜல்லி கிரஷரில் வேலை பார்ப்பவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அமெரிக்காவின் டென்வர் நகரில் மூடப்பட்ட ஸ்டேபிள்டன் விமான நிலையத்தைப் பற்றி செமினாருக்காக நான் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மாம்பெரிய ரன்வேயை உடைச்சா, கல்லை எங்கடா கொண்டுபோய்க் கொட்டுவாங்க?" செமினாரில்கூட யாரும் இதைக் கேட்கவில்லை!

அந்த நிலையம் 1929-இல் திறக்கப்பட்டது. 1944-இல் அதற்கு நகர மேயர் பெஞ்சமின் ஸ்டேபிள்டனின் பெயரை வைத்தார்கள். ஊர் வளர்ந்து வீடுகள் நெருங்கின. இரைச்சல் தாங்காமல் மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், இணையான ரன்வேக்கள் மிக நெருக்கமாக அமைந்துவிட்டன. வானம் தெளிவாக இருந்தால் இரண்டு விமானங்கள் பக்கத்துப் பக்கத்தில் இறங்கலாம். மூட்டம் போட்டால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான். அங்கேயோ பனி கொட்டுகிற ஊர். கடைசியில் ஊருக்கு வெளியே புதிய நிலையம் கட்டி, 1995 பிப்ரவரி இறுதியில் இதை மூடினார்கள்.

மிஞ்சியது 4,700 ஏக்கர் நிலமும், 60 லட்சம் டன்னுக்கு மேல் கான்கிரீட்டும். அப்பா உடனே, "டிப்பருக்குப் பத்து டன்னுன்னா ஆறு லட்சம் லோடுடா" என்றார். நான் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கொட்டவில்லை. உடைத்து, கம்பியைப் பிரித்து, கிரஷரில் அரைத்து, சலித்து, மறுபடி ஜல்லியாக்கினார்கள். ரோடுகளுக்கு அடித்தளமாகப் போனது. ரன்வேக்கு அடியில் குழாய்க்குள் அடைபட்டுக் கிடந்த வெஸ்டர்லி ஓடையையும் வெளியே கொண்டுவந்தார்கள். 2000-க்குப் பிறகு வீடுகள், பள்ளிகள், பூங்காக்கள் எழும்பின. கண்ட்ரோல் டவரை மட்டும் இடிக்காமல் உணவு விடுதியாக்கினார்கள்.

பெயர் மட்டும் நிலைக்கவில்லை. அந்த மேயர் 1920-களில் கறுப்பின மக்களை ஒடுக்கிய கு க்ளக்ஸ் க்ளான் அமைப்பில் உறுப்பினராக இருந்தவர். 2020-இல் அங்கே குடியிருப்பவர்களே ஓட்டுப் போட்டு 'சென்ட்ரல் பார்க்' என்று மாற்றிவிட்டார்கள். பெயரில் என்ன இருக்கு என்று கேட்பவர்கள், ஜாதிப் பெயர் உள்ள தெருவில் குடியிருந்து பார்க்க வேண்டும்.

சரி, நம்ம ஊரில் இந்த ஜல்லி செல்லுமா? செல்லும். ஐ.எஸ். 383 (2016) படி, சாதாரணக் கான்கிரீட்டில் பெரிய ஜல்லியில் 25 சதவீதம் வரை இதைச் சேர்க்கலாம். கம்பி போட்டதில் 20 சதவீதம், அதுவும் எம்25 வரைதான். காரணம், பழைய சிமெண்ட் சாந்து ஒட்டிக்கொண்டிருப்பதால் இந்தக் கல் தண்ணீரை அதிகம் குடிக்கும்.

"கம்பி இருந்தா கிரஷர் வாயில மாட்டிக்கும், பாத்து எடுக்கணும்" என்கிறார் அப்பா. இடித்த வீட்டுக் கான்கிரீட் ஒரு சாக்கு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். லேபில் நீர் உறிஞ்சும் சோதனை போட்டுப் பார்க்க ஹெச்.ஓ.டி. சாரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.