வெள்ளப் படகு மோட்டாரும் எண்ணெய் வடிகட்டியும்

ஆறும் ஏரியும் கரை புரளும் தாழ்ந்த கிராமங்களில் மோட்டார் பொருத்திய படகு உயிர் காக்கும் சாதனமாகும். 2015-ஆம் வருஷம் டிசம்பரில் சென்னையிலும், 2018-ஆம் வருஷம் ஆகஸ்டில் கேரளத்திலும் வெள்ளம் சூழ்ந்தபோது, மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொணர்ந்து மக்களை மீட்டதை யாவரும் அறிவர். கிராமத்தில் வெள்ளத்திற்கென வைக்கப்படும் படகோ வருஷத்தில் பெரும்பகுதி கொட்டகையில் கிடக்கும். ஓடாத யந்திரத்திற்கு எண்ணெய் மாற்றுவது வீண் செலவெனக் கருதுவோர் உளர். அக்கருத்து தவறானது.

படகின் பின்புறம் மாட்டும் மோட்டார்கள் இருவகைப்படும். இரு வீச்சு மோட்டாரில் எண்ணெய் பெட்ரோலுடன் கலந்து எரிந்துவிடும்; அதற்கு எண்ணெய் வடிகட்டி இல்லை. நான்கு வீச்சு மோட்டாரிலோ, தொட்டியிலுள்ள எண்ணெயையே பம்பு மீண்டும் மீண்டும் பாகங்களுக்குச் செலுத்துகிறது. அதில் சேரும் கரியையும் உலோகத் துகளையும் மடிப்புக் காகிதம் அடங்கிய வடிகட்டி தடுக்கிறது. மிகச் சிறிய மோட்டார் சிலவற்றில் கம்பி வலை மட்டுமே இருக்கும்.

வடிகட்டி அடைபட்டால் யந்திரம் உடனே நின்றுவிடாது. எண்ணெயின்றிப் பாகங்கள் கெடாதிருக்கும் பொருட்டு ஒரு மாற்றுவழி வால்வு திறந்துகொள்ள, அழுக்கெண்ணெய் வடிகட்டப்படாமலே செல்லும். ஆகையால் கேடு வெளியே தெரியாமல் வளரும். மேலும், சிறிது நேரமே ஓடி நிற்கும் யந்திரம் போதிய அளவு சூடேறுவதில்லை. எரியாத பெட்ரோலும் நீரும் எண்ணெயிற் கலந்து, அமிலம் உண்டாகி, மாதக்கணக்கில் பேரிங்குகளை அரிக்கும்.

பெரும்பாலான மோட்டார்களுக்கு 100 மணி நேர ஓட்டம் அல்லது ஒரு வருஷம், இவற்றில் முந்தியது எண்ணெய் மாற்றும் தவணையாகும். வடிகட்டியின் தவணை சிலவற்றில் இதனினும் நீண்டது. எனினும் வெள்ளப் படகிற்கு இரண்டையும் ஒருங்கே மாற்றுதல் நலம். மழைக்காலம் முடிந்து, தை மாதத்தில், மோட்டாரை மூடிவைப்பதற்கு முன் இதைச் செய்யவேண்டும்.

மாற்றும் முறை வருமாறு:

1. குளிர்விக்கும் நீர் கிடைக்கும்படி செய்து, மோட்டாரைச் சில நிமிஷங்கள் ஓட்டி நிறுத்துக. நீரின்றி ஓட்டினால் நீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரம் கருகும்.

2. மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்தி, வடிதிருகைக் கழற்றி எண்ணெயைப் பாத்திரத்தில் பிடிக்க. பின் புதிய வாஷருடன் திருகை முடுக்குக.

3. வடிகட்டியின் கீழ்த் துணி வைத்து, இடப்புறமாகத் திருகிக் கழற்றுக. பழைய ரப்பர் வளையம் மோட்டாரில் ஒட்டியிருப்பின் அகற்றுக. இரண்டு வளையம் சேர்ந்தால் எண்ணெய் பீறிடும்.

4. புதிய வளையத்தில் எண்ணெய் தடவிக் கையால் திருகுக. வளையம் படிந்தபின் வடிகட்டியில் குறித்துள்ள அளவே முடுக்குக.

5. கைப்புத்தகத்திற் கூறிய எண்ணெயை ஊற்றிச் சிறிது ஓட்டி, கசிவு உண்டாவெனப் பார்த்து நிறுத்துக. சில நிமிஷம் கழித்து அளவுகோலில் மட்டம் காண்க. மிகுதியும் தீங்கே.

வடித்த எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்ததென்றும், மினுமினுத்தால் பாகம் தேய்கிறதென்றும் அறிந்து மெக்கானிக்கிடம் காட்டவேண்டும். பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது. டப்பாவில் அடைத்து, கழிவெண்ணெய் சேகரிப்போரிடம் ஒப்புவிக்க வேண்டும்.

மாற்றிய தேதியையும் ஓடிய மணிகளையும் கிராம அதிகாரிகள் பதிவேட்டில் குறித்து வருதல் அவசியம். புரட்டாசியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டால், வெள்ளம் வரும் இரவில் படகு தயங்காது.